ஒரே ஐசி எண், இரண்டு வரிசை

பட்டர்வொர்த்தில், டயர்க்கடைக்கு மேல்மாடியில்
பதினாறு இயந்திரங்கள் இரத்தம் கழுவும் நிலையம்.
அதன் பதிவேட்டைக் கணினியில் கட்ட
ஆறு வாரமும் ஒரு மடக்குமேசையும் தந்தார்கள்.

வெய் ஷான் வெள்ளைப் பலகையில் மரம் வரைந்தாள்.
உச்சியில் 'மனிதர்': பெயர், ஐசி, முகவரி, பிறந்த நாள்.
கீழே அதன் பிள்ளைகள்:
நோயாளி, தாதி, மருத்துவர், நன்கொடையாளர்.
தாய் அட்டவணையின் பத்திகளெல்லாம்
கேளாமலே பிள்ளைகளுக்கு இறங்கும்.
சொத்துத் தகராறே இல்லாத குடும்பம்.

நான் அயல்சாவி போதும் என்றேன்.
பேர்தான் சாவி, எதையும் திறக்காது;
நீ சுட்டும் ஆள் அங்கே இருக்கிறார் என்று
உத்தரவாதம் சொல்லும், அவ்வளவே.
"ஒரு பெயரை எடுக்க மூன்று அட்டவணை இணைக்கணுமா?
தாதி மனிதர்தானே,
மனிதரைச் சுட்டுகிறவள் இல்லையே?" என்றாள்.
அன்று என்னிடம் பதிலில்லை.
மரம் வென்றது.
கோப்பிக் காசு என் கணக்கில்.

செப்டம்பர் வரை நன்றாகவே ஓடியது.
பிறகு சந்தனமேரி.

காலை ஷிஃப்டுத் தாதி, பதினோரு வருடம்.
ஊசி ஏறுமுன், நேற்று ராத்திரி என்ன சாப்பாடு என்று
பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்திவிடுவாள்.
கிரியேட்டினின் ஏறி
மூன்றாம் நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள்.
செவ்வாய், வியாழன், சனி மாலை நோயாளி.
காலையில் அதே சீருடை.

எங்கள் மரத்தில் இரண்டு கிளையில்
ஒருத்தி உட்கார வழியில்லை.
நோயாளிக் கிளையில் புதிதாய்ப் பிறந்தாள்.
ஒரு ஐசி எண் ஒரு தடவைதான் என்ற விதி
தாய்க்கு மட்டுமாம்.
பத்திகள் இறங்கும், இந்த விதி இறங்காது.
கையேட்டில் இருந்தது.
நாங்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

மாத அறிக்கை நூற்று நாற்பத்து மூன்று பேர் என்றது.
விரல்விட்டு எண்ணினால் ஒன்று குறைந்தது.
அவள் பிறந்த நாளுக்கு
ஒரே நிமிடத்தில் இரண்டு வாழ்த்து.
"நிற்கிற மேரிக்கு ஒன்று,
படுத்திருக்கிற மேரிக்கு ஒன்றா?"
சிரித்தாள். நாங்களும்.

அவள் வீடு மாறினாள்.
தாதி பிறைக்குக் குடிபோனாள்,
நோயாளி பாகான் ஆஜாமிலேயே தங்கிவிட்டாள்.
சனிக்கிழமை வேன்
காலி வீட்டு வாசலில் இருபது நிமிடம்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
அன்று அவள் நாற்காலி நாலு மணி நேரம் காலி.
யாரும் சிரிக்கவில்லை.

இரவு ஃபெர்ரியில் தீவுக்குத் திரும்புகையில்
என் ஐசியை எடுத்துப் பார்த்தேன்.
பூங்கோதை ஏ/பி தங்கமுத்து.
அப்பா எனக்குள் இறங்கியிருக்கிறார் என்றுதான்
இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்தேன்.
அந்தச் சாய்கோடு ஒரு சுட்டுவிரல்.
அவர் அவர் வரிசையில், நான் என் வரிசையில்.
மூக்கு இறங்கியது, சர்க்கரை இறங்கியது, அது வேறு.
மோட்டார்க் கடன் இறங்கவில்லை,
நான் கையெழுத்துப் போட்டதால் வந்தது.

திங்கட்கிழமை வெய் ஷானே பலகையை அழித்தாள்.
மனிதர் ஓர் அட்டவணை. முகவரிக்கு ஒரே இடம்.
பக்கத்தில் இன்னொன்று:
யார், என்னவாக, எப்போதிலிருந்து, எப்போதுவரை.
'யார்' மட்டும் அயல்சாவி.
"தாதி அவள் இல்லை, அவள் பார்க்கிற வேலை" என்றாள்.
எட்டு மாதம் நான் தேடிய பதிலை
என்னைக் கேளாமல் எடுத்துக்கொண்டாள்.
இணைப்புகள் கூடின. திரை அரை விநாடி தாமதிக்கிறது.
அதையும் என் கணக்கில் எழுதினாள்.

ஒரு கேள்வி மிச்சம்.
மனிதரை நீக்கினால்
அவரைச் சுட்டும் வரிசைகளை என்ன செய்ய?
சேர்த்து நீக்கு எனலாம். தடு எனலாம்.
கண்ணாடிக்கு அப்பால் மூன்றாம் நாற்காலியில்
பம்பு சுற்றிக்கொண்டிருந்தது;
பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவள்
ராத்திரிச் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

'தடு' என்று தட்டினேன்.

தாதியாக, பதினோரு வருடமாய்.
நோயாளியாக, செப்டம்பரிலிருந்து.
'எப்போதுவரை' இரண்டிலும் காலி.
வேன் இப்போது பிறைக்குப் போகிறது.